உன் முதலெழுத்துக்குக் கீழே இருந்த வரி

இன்று காலை, வால்வுகளைச் சோதிக்கிற டெஸ்ட் பெஞ்ச் பக்கம் போனபோது அந்தப் பழைய கம்ப்யூட்டர் சிலையாக நின்றுகொண்டிருந்தது. எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சர்வர் நாட் ரெஸ்பான்டிங், ஸ்டில் ட்ரையிங். பதில் வரவில்லை, இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்று அர்த்தம். அந்த வரியைப் பார்த்து நாலு வருடத்துக்கு மேல் இருக்கும். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "பாவம்டி, இன்னும் கூப்ட்டுக்கினே கீது பாரு" என்று சொல்லியிருப்பாய். நான் அப்படியே நின்றுவிட்டேன். வால்வுகளைச் சோதித்து வடித்த துருத்தண்ணீர் காலடியில் ஓடி என் செருப்பு நனைந்ததுகூட பெஞ்ச் ஓட்டுகிற ஏழுமலை அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. நம் ரூமில் இருந்த ஸ்டோரேஜ் சர்வரைக் கழற்ற ஆள் வந்திருந்தான். பெஞ்சில் யாருக்கும் சொல்லாமல் அதை ஆஃப் செய்துவிட்டான். புதுப் பெஞ்சுகள் எல்லாம் ரெக்கார்டை வேறு சர்வரில் எழுதுகின்றன, இந்தக் கிழம் ஒன்றுதான் இன்னும் பழைய சர்வரையே நம்பிக்கொண்டிருந்தது. நாளை மதியம் இரண்டும் சேர்ந்து ஸ்க்ராப்புக்குப் போகின்றன. அதற்கு முன்னால் டிஸ்க்குகளை அழித்துத் தரவேண்டும் என்று உத்தரவு. அழிக்க வேண்டியவள் நான்.

திரை சிலையானாலும் என் மேஜையிலிருந்து நெட்வொர்க் வழியாக அந்த மிஷினுக்குள் நுழைய முடிந்தது. அழிப்பதற்கு முன் அந்த ஃபைலைத் திறந்தேன். எஃப்எஸ்டேப். எங்கோ இருக்கிற சர்வரின் டிஸ்க்கை இந்த மிஷினுக்குள் எந்த ஃபோல்டராக மாட்டுவது, எந்த நிபந்தனையோடு மாட்டுவது என்று எழுதி வைக்கிற ஃபைல். மொத்தமே ஒன்பது வரி. ஏழாவது வரியில் நீ இருந்தாய். மிஷின் படிக்காமல் மனிதர்கள் மட்டும் படிக்கிற வரி என்பதற்கு ஹேஷ் குறி போட்டு, தேதி, உன் பெயரின் முதலெழுத்து, யார் கேட்டது, ஏன். அதற்குக் கீழே டிஸ்க்கை மாட்டுகிற மவுண்ட் வரி, அதில் ஹார்டு என்ற வார்த்தை. நீ எழுதியது எழுதியபடியே இருக்கிறது. இன்று புதிதாகப் பார்க்கிற யாருக்கும் அந்த இடத்தில் ஒரு தப்பும் நடந்ததாகத் தோன்றாது. என்னால் தாங்க முடியாததும் அதுதான். நடுவில் நாலு மாதம் அந்த வரி வேறாக இருந்தது. அது உனக்குத் தெரியும் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன், ஆனால் எந்த அளவுக்குத் தெரியும் என்பது இன்று மாலைதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன், ஆனாலும் ஒரு தடவையாவது நான் என் வாயால் சொல்ல வேண்டும்.

நாம் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் கம்பெனி ஆள், நீ கான்ட்ராக்ட் ஆள். வேலை ஒன்றுதான், அடையாள அட்டையின் கயிறுதான் வேறு. எனக்கு நீலம், உனக்குப் பச்சை. கம்ப்ரசருக்குப் பக்கத்தில், பழைய ஸ்டோர் ரூமைப் பெருக்கி ஒரு ஏசியைப் பொருத்தி, அதுதான் சர்வர் ரூம் என்றார்கள். இரண்டு நாற்காலியில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. முதல் நாளே நீ சக்கரம் இல்லாததில் உட்கார்ந்துகொண்டாய். "எனக்கு ஓடுற நாற்காலி ஆவாதுடி, ஒரு எடத்துல குந்தினாத்தான் மூளை வேலை செய்யும்" என்றாய். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சக்கரம் வைத்த நாற்காலி நன்றாகத்தான் இருந்தது.

உன் வீடு ஆரம்பாக்கத்தில். நானும் அந்தப் பக்கத்தில் பிறந்தவள்தான், கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்தவள். உன் அம்மா எங்கள் அப்பாவின் நிலத்தில் நடவுக்கு வந்திருக்கிறார் என்பதை நீ ஒரே ஒரு தடவை சொன்னாய். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். "உங்க ஊட்டு மோரு ரொம்பத் தண்ணியா இருக்குமாம்டி, எங்கம்மா இன்னும் சொல்லிக்கினு இருக்கும்." நானும் சிரித்தேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை நாம் எடுக்கவில்லை. சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். உன் வண்டி வடக்கே, என் லோக்கல் தெற்கே. யாருடைய வண்டி முதலில் வருகிறதோ அவள் எழுந்து போவாள். மற்றவள் மிச்சமிருக்கிற வேர்க்கடலைக்குச் சொந்தக்காரி.

நமக்குள் சண்டை என்று வந்தால் அது ஹார்டு என்ற இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். வால்வைப் பெஞ்சில் ஏற்றி, தண்ணீர் அழுத்தம் கொடுத்து, எத்தனை நேரம் தாங்கியது என்ற ரெக்கார்டை அந்தக் கம்ப்யூட்டர் நம் சர்வரில் எழுத வேண்டும். நடுவில் இரண்டையும் இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்சோ ஃபர்னஸ் இருக்கிற பகுதியின் சுவரில், ஒரு தகரப் பெட்டிக்குள். ஃபர்னஸ் கரண்ட் இழுக்கிறபோதெல்லாம் வோல்டேஜ் ஒரு குட்டிக்கரணம் அடிக்கும், ஸ்விட்ச் செத்துப் பிழைக்கும், நெட்வொர்க் போய்விடும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது. ஹார்டு என்றால் சர்வர் பதில் சொல்கிறவரை காத்திருக்கும். திரை சிலையாகும், பெஞ்ச் நிற்கும், ஆனால் நெட்வொர்க் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதி முடிக்கும். சாஃப்ட் என்றால் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, முடியவில்லை என்று கையை விரித்துவிடும்.

"கைய விரிச்சா இன்னாடி தப்பு? அடுத்த வேலையாச்சும் நடக்கும்ல?" என்று நான்தான் கேட்டேன்.

"யாருகிட்ட விரிக்குது? அந்த டெஸ்ட் புரோக்ராம் எழுதினவன் அதைக் காதுலயே வாங்க மாட்டான். சேவ் ஆச்சா ஆவலையான்னு பாக்காம பச்சை டிக்கு போட்டுட்டு அடுத்த பீஸுக்குப் போயிடுவான். உள்ள பாத்தா ஃபைல் பேரு இருக்கும், ஃபைலுக்குள்ள ஒண்ணும் இருக்காது" என்றாய். அப்புறம், நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதால், குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னாய்: "காத்துக்கினு நிக்கிறது அசிங்கம் இல்ல பானு. இல்லாதத இருக்குதுன்னு சொல்றதுதான் அசிங்கம்."

ஹேஷ் வரி எழுதுகிற பழக்கமும் உன்னுடையதுதான். எந்த ஃபைலில் எதை மாற்றினாலும் மேலே ஒரு வரி. தேதி, முதலெழுத்து, யார் கேட்டது, ஏன். சோம்பேறித்தனமாக நான் விட்டுவிட்டுப் போனால் என் நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்கார வைத்து எழுதச் சொல்வாய். "நாளைக்கு நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். படிக்கிறவன் பேஜாராவக் கூடாது பாரு." கம்பெனியில் வேறு எந்த டிபார்ட்மென்டிலும் இல்லாத வழக்கம் அது. அதனாலேயே எல்லோரும் அதை நம்பினார்கள். மேலே யார் எழுத்து இருக்கிறதோ கீழே இருப்பது அவர் வேலை. நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் அந்த மிஷினின் பாஸ்வேர்டும் தெரியாது.

ஹார்டு போட்டதற்காக நீ வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. "இன்னாம்மா, உங்க பொட்டி மறுபடியும் சாமி மாதிரி நிக்குது. நாங்க இன்னா, கற்பூரம் காட்டிக்கினு நிக்கவா?" என்று ஏழுமலை அண்ணன் போனில் கத்துவார். பெஞ்சில் அவரைவிட அனுபவசாலி கிடையாது, அவர் கத்தினால் ஷெட்டே திரும்பிப் பார்க்கும். நீ குடையை எடுத்துக்கொண்டு யார்டைக் கடந்து போய், ஸ்விட்ச் உயிரோடு எழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவாய். முகமெல்லாம் கரி படிந்திருக்கும். அந்தத் தகரப் பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி வைத்தால் போதும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாய். மூன்று தடவையும் பார்க்கலாம் என்றார்கள்.

அந்த வரி மாறிய நாள் உன் அக்கா குழந்தையின் ஞானஸ்நானம். நீ லீவு. என்னையும் கூப்பிட்டாய், மாதக் கடைசி என்று நான் வரவில்லை. காலை பத்து மணிக்குள் நெட்வொர்க் ஐந்து தடவை போனது. வால்வுகள் பெஞ்ச் வாசலில் வரிசை கட்டி நின்றன, லாரி வெளியில் நின்றது. புரொடக்ஷன் மேனேஜர் ரூமுக்கே வந்துவிட்டார். "ரெண்டு பேரு உக்காந்து ஒரு பொட்டிய ஓட வெக்க முடியல. நீங்கெல்லாம் எதுக்கும்மா?" என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்ப்ரசர் ஆட்கள் கேட்க, சொன்னார். எனக்கு அவமானம் என்றால் பொறுக்காது. அது உனக்குத் தெரியும். அவர் திரும்பிப் போவதற்குள் அந்த ஃபைலைத் திறந்து ஹார்டை அழித்துச் சாஃப்ட் என்று எழுதினேன். டிஸ்க்கைக் கழற்றித் திரும்ப மாட்டச் சொல்லி மிஷினுக்கு உத்தரவு கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மேலே உன் வரி இருந்தது. அதைத் தொடவில்லை. எனக்கென்று ஒரு வரி எழுதவுமில்லை. நாளைக்கு அவள் வந்ததும் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளலாம், ஒரு நாளுக்கு எதற்கு வரி என்று நினைத்தேன். இதை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? கெட்ட எண்ணம் என்று ஒன்றுகூட அந்த நிமிடத்தில் இல்லை. சோம்பல்தான் இருந்தது. கெட்ட எண்ணமெல்லாம் பிறகுதான் வந்தது.

அன்று மதியத்துக்கு மேல் பெஞ்ச் நிற்கவே இல்லை. ஏழுமலை அண்ணன் வந்து, "பானும்மா கை பட்டதும் பொட்டி குதிரையா ஓடுது" என்றார். மேனேஜர் போகிற போக்கில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் நீ வந்தாய். ஞானஸ்நானத்து கேக்கை டிபன் டப்பாவில் போட்டு எனக்கென்று எடுத்து வந்திருந்தாய். "நேத்து பெஞ்சு எப்டி இருந்துச்சு?" என்று கேட்டாய். "ஓகேதான்டி" என்றேன். கேக்கைத் தின்றேன். அந்த ஒரு பாராட்டை உன்னிடம் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தது. அதற்கும் அடுத்த நாள் சொன்னால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பாயே என்று இருந்தது. அப்படியே நாலு மாதம். கரண்ட் திருந்திவிட்டது என்று நீ நம்பினாய். நெட்வொர்க் வழக்கம் போலப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்ப்யூட்டர் கையை விரித்தது, புரோக்ராம் பச்சை டிக் போட்டது.

பிறகு வால்வு வாங்குகிறவர்களின் இன்ஸ்பெக்டர் வந்தார். ரொம்பச் சாதுவான மனிதர், டீ கூடக் குடிக்கவில்லை. லாட் நம்பரைச் சொல்லச் சொல்ல நீதான் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாய். முதல் ஃபைல் சரி. இரண்டாவது காலி. மூன்றாவது பாதியில் அறுந்திருந்தது. நீ நாலாவதைத் திறந்தபோது உன் கை நின்றது. நான் உனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அழுத்தம் தாங்கியதா இல்லையா என்பதற்குச் சாட்சியே இல்லாத வால்வுகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்திருந்தன. எல்லாவற்றையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணை. மேஜை மேல் எஃப்எஸ்டேப்பின் பிரிண்ட் அவுட். சாஃப்ட் என்ற வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். அதற்கு மேலேயே உன் முதலெழுத்து.

"நான் ஹார்டுன்னுதான் சார் போட்டேன்" என்றாய்.

"அப்ப இது யாரு எழுத்து?"

"என்னுதுதான். ஆனா கீழ இருக்கிறது..."

அங்கே நிறுத்தினாய். என்னைப் பார்த்தாய். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். உனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய காலண்டர் தாள் இருந்தது. அதில் மாதத்துக்கு எத்தனை ஞாயிறு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீ எனக்கு நேரம் கொடுத்தாய். அந்த அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த இடைவெளி முழுவதும் எனக்காக நீ விட்டது. "பானுவைக் கேளுங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"கான்ட்ராக்ட் ஆளுதானே" என்று மேனேஜர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து உன்னை அனுப்ப வேண்டாம் என்று கான்ட்ராக்டருக்குப் போன் போயிற்று. நீ டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டாய். பச்சைக் கயிற்றைக் கழற்றி மேஜையில் வைத்தாய். "ஸ்விட்சுக்கு பேட்டரி கேட்டுக்கினே இரு" என்று மட்டும் சொன்னாய்.

ஏன் பேசவில்லை என்பதற்கு எனக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை இங்கே எழுதினால் காரணம் மாதிரியே தெரியும். அதனால் எழுதவில்லை.

அன்று சாயங்காலமே அந்த வரியை ஹார்டு என்று திருத்திவிட்டேன். அதற்கும் ஹேஷ் வரி எழுதவில்லை. ஒரு வாரத்தில் தகரப் பெட்டிக்கு பேட்டரியும் வந்துவிட்டது. கேட்டது நானாக இருந்ததாலா, வால்வுகள் திரும்பி வந்ததாலா, தெரியாது. அதற்குப் பிறகு பெஞ்ச் நிற்கவே இல்லை. உன் நாற்காலியில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான், சக்கரம் இல்லை என்று இரண்டு நாளில் வேறு வாங்கிக்கொண்டான்.

உனக்குக் காட்டுப்பள்ளி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. பெட்டி நம்பரை ஸ்கேன் செய்கிற வேலை. சர்வரைத் தொட்ட கைக்கு அது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். ஆரம்பாக்கத்திலிருந்து வந்து கும்மிடிப்பூண்டியில் இறங்கி, லோக்கல் பிடித்து, மீஞ்சூரில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். லோக்கல் கும்மிடிப்பூண்டியோடு நின்று திரும்பிவிடும், அதனால் நான் எந்த லோக்கலிலிருந்து இறங்குவேனோ அதே வண்டியில்தான் நீ ஏறிப் போக முடியும். முதல் வாரத்தில் ஒரு காலை லேடீஸ் பெட்டியிலிருந்து நான் இறங்க, எதிரே நீ. அதே குடை. ஒரு கொய்யாவை என் கையில் வைத்தாய்.

"பெஞ்சு இப்ப ஹார்டா?" என்றாய்.

"ஆமாண்டி."

"நல்லது." கொஞ்சம் நின்றாய். "எப்ப மாத்தின?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய், உள்ளே வர வேண்டியது மட்டும்தான் என் வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வண்டி எடுத்துருவான், ஏறு ஏறு" என்று உன் முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். மறுநாளிலிருந்து நான் கடைசிப் பெட்டியில் ஏற ஆரம்பித்தேன். அங்கிருந்து இறங்கினால் பிளாட்பாரத்தின் கடைக்கோடி வழியாக, உன் கண்ணில் படாமல் ரோட்டுக்குப் போய்விடலாம். ஆண்கள் நெரிசலில் இடிபட்டுக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான் வந்தேன். வீட்டில் கேட்டபோது, அங்கேதான் காற்று வருகிறது என்றேன்.

பிறகு ஒரு நாள் மீஞ்சூரில் நீ கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டாய், ஷேர் ஆட்டோவில் போனாய், எதிரில் வந்த கன்டெய்னர் லாரி திரும்பும்போது ஆட்டோவை இழுத்துவிட்டது. எனக்கு ஏழுமலை அண்ணன்தான் சொன்னார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். "அந்தப் பொண்ணு என்னா பொறுமைம்மா. நான் எவ்ளோ கத்தினேன் அத" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக பஸ்ஸில் போகிறவள் அன்று ஏன் ஆட்டோவில் போனாள் என்று எல்லோரும் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

உன்னைச் சவப்பெட்டியில் வைத்திருந்தார்கள். உன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. அவ்வளவு பேர் நடுவில், உன் முகத்துக்கு நேராகவே என்னைக் கேட்டார்: "ஏம்மா, இவள எதுக்கு வேலைய உட்டு அனுப்ச்சாங்க? எதையோ எடுத்துட்டாள்னு ஊர்ல பேசிக்கினாங்க. நீ கூடவே இருந்தியே, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

மூன்று வருடம் ஆகிறது. இன்று காலை அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, உன் வரிக்குக் கீழே நானும் ஒரு ஹேஷ் போட்டேன். இன்றைய தேதி. என் முதலெழுத்து. 'நடுவில் நாலு மாதம் சாஃப்ட் என்று இருந்தது, மாற்றியது நான், இவள் இல்லை.' யார் கேட்டது என்ற இடத்தில், யாரும் இல்லை. ஏன் என்ற இடத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. அதைக் காலியாக விட்டுச் சேவ் செய்தேன். செய்த பிறகுதான் என் புத்திசாலித்தனம் உறைத்தது. நாளை அழிக்கப்போகிற டிஸ்க்கில், நானே அழிக்கப்போகிற டிஸ்க்கில், உண்மையை எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்கப்போகிற ஒரே ஆளும் நான்தான். மனசாட்சிக்குக்கூட நான் சாஃப்ட் மவுண்ட்தான் போட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆரம்பாக்கத்துக்கு வண்டி ஏறினேன்.

உன் அம்மா இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார், மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். "வா கண்ணு, எவ்ளோ நாளாச்சு" என்று பக்கத்தில் உட்கார வைத்தார். டீ போட எழுந்தவரைத் தடுத்து, எழுந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து, அப்படியே சொல்லிவிட்டேன். சாஃப்ட், ஹார்டு எல்லாம் அவருக்கு எதற்கு? அவ பண்ணலம்மா, நான் பண்ணேன், அவ பேரு இருந்துச்சு, நான் வாயைத் திறக்கல. இவ்வளவுதான். நாலு வருடமாகத் தொண்டையில் இருந்தது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவர் கீரை உருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் கண்ணு" என்றார். "அன்னிக்கே ஊட்டுக்கு வந்து சொன்னா. பானுதாம்மா மாத்திகீறா, பயந்துட்டா, அவளே வந்து சொல்லுவா, நீ யாருகிட்டயும் வாயத் தொறக்காதன்னா."

"அப்ப அன்னைக்கு... பெட்டிக்கிட்ட என்னைக் கேட்டீங்களே?"

"கேட்டேன். நீயா சொல்லுவேன்னுதான் கேட்டேன். அவள வெச்சிக்கினு சொன்னா, அவ காதுல உழும்னு ஒரு நெனப்பு."

எனக்கு அழுகைகூட வரவில்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம், முறத்தை எடுத்து எறிந்திருக்கலாம். அவரோ கோபமே இல்லாமல், வேறு யாரோ ஒரு பெண்ணின் கதையைச் சொல்வதுபோல உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். "அவ காத்துக்கினேதான் கண்ணு இருந்தா. கும்முடிபூண்டில லேடீஸ் பொட்டி நிக்கிற எடத்துலயே நிப்பாளாம். வண்டி வந்தா ஏற மாட்டா. பானு எறங்குவா, ஒரு வார்த்த பேசிட்டு அடுத்த வண்டில போறேம்பா. அடுத்த வண்டில போனா பஸ்ஸு போயிடும்டி, ஆட்டோல போவணும்டின்னா, போனா போவுதும்மா, இன்னிக்கு வந்தாலும் வருவாம்பா. தெனமும் இல்ல. வாரத்துல ஒரு நாளு, ரெண்டு நாளு. அன்னிக்கும் அப்டித்தான் சொல்லிக்கினு போனா."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குள் ஏறவில்லை. மீஞ்சூரில் பஸ்ஸை ஏன் விட்டாய் என்று மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. இன்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று காலையும் நான் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, கடைக்கோடி வழியாக, வேகமாக நடந்து போனேன். அதே பிளாட்பாரத்தின் நடுவில் நீ ஒரு வண்டியை விட்டுவிட்டு நின்றிருக்கிறாய்.

உன் அம்மாவுக்கு, நான் கடைசிப் பெட்டியில் ஒளிந்து வந்த இந்த முடிச்சு தெரியவில்லை. நான் அவிழ்த்துக் காட்டவில்லை. இன்னொரு தடவை அவரிடம் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இது எந்த வகை மௌனம் என்று எனக்குத் தெரியவில்லை. கீரையில் பாதியைத் தாளில் சுற்றி என் பையில் வைத்தார். "ஊட்ல போய் ஆஞ்சி வெச்சிடு, வாடிடப் போவுது" என்றார். இப்போது அது என் பக்கத்தில் இருக்கிறது, ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில், இந்த மடலை எழுதுகிற நோட்டுக்குப் பக்கத்தில். வெயில் இன்னும் இருக்கிறது. வயலுக்கு அந்தப் பக்கம் ஷிஃப்ட் விட்டு வந்த பெண்கள் வரிசையாக நடந்து போகிறார்கள். அவர்களில் யாரையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெஞ்ச் கம்ப்யூட்டரை நான் அணைக்கவில்லை. ஹார்டு போட்ட மிஷின் அப்படித்தான், அடித்தாலும் வைதாலும் கேட்பதை நிறுத்தாது. பவரைப் பிடுங்கினால்தான் உண்டு. நாளை மதியம் அதை நான் பிடுங்க வேண்டும். அதுவரை அந்த ஷெட்டில் அது கேட்டுக்கொண்டிருக்கும். ஏன் என்று எழுதாமல் விட்ட இடமும் அதனோடு போய்விடும். ஆனால் அந்தக் காலி இடம் எனக்குள்ளிருந்து போகாது. ஏன் என்று எழுதச் சொல்லிக்கொடுத்த உன்னிடமிருந்து நான் எடுத்துவந்தது கடைசியில் அது ஒன்றுதான்.

நாளைக் காலை லேடீஸ் பெட்டியில் ஏறுவேன். கும்மிடிப்பூண்டியில் நீ நின்ற இடத்தில் இறங்குவேன். ஒரு வண்டி போகட்டும் என்று விடுவேன். அடுத்த வண்டியும் வரும்.